கோதுமை மானியப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் கோதுமை விளைவிக்கிறார்களா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) உள்ள பண்ணைகளுக்கு 1995இலிருந்து அரசு கொடுத்த கோதுமை மானியத்தின் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே இருக்கும் சில பெயர்களுக்கு லட்சக்கணக்கான டாலர், அடியில் இருப்பவர்களுக்கு இருநூறு முந்நூறு டாலர். சிலருடைய முகவரி அந்தக் கவுண்டியிலேயே இல்லை, எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளில் நிறையப் பணம், சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட சைபர். "இதில் ஊழல் இருக்கிறதா, இல்லை அதிகம் விளைவித்தவருக்கு அதிகம் என்பதுதான் கணக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, கடைசியில் யார் கையில் போய் நிற்கிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். வேளாண் பொருளாதாரம் படித்துவிட்டு, அமெரிக்க நடுமேற்கில் பண்ணைக் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் பல வருஷங்கள் இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டுமே இல்லை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்த வருஷம் கோதுமை விளைவித்ததற்காகக் கொடுக்கப்படுவது இல்லை. எப்போதோ கோதுமை பயிரான நிலம் என்று அரசுப் பதிவேட்டில் இருக்கும் ஏக்கர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பட்டியலில் விசித்திரமாகத் தெரிவதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

அங்கே ஒவ்வொரு விவசாயக் கவுண்டியிலும், அல்லது இரண்டு மூன்று கவுண்டிகளுக்குச் சேர்த்து, வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகம் ஒன்று இருக்கும். எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ் என்பார்கள். உள்ளூர் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவும் அதற்கு உண்டு. அந்த அலுவலகத்தில் போய் உங்கள் பண்ணையின் பதிவுத் தாளைக் கேட்டால் ஒரு பக்கத் தாளை அச்செடுத்துத் தருவார்கள். மேலே பண்ணை எண், அதற்குக் கீழே ஒவ்வொரு துண்டு நிலத்தின் எண், சாகுபடி நிலம் எவ்வளவு என்ற விவரம். அப்புறம் ஒரு சின்னக் கட்டம்: கோதுமை என்று போட்டு, பக்கத்தில் பேஸ் ஏக்கர் (கோதுமை நிலம் என்று ஏட்டில் பதிவான பரப்பு) இவ்வளவு, கணக்குக்கான விளைச்சல் ஏக்கருக்கு இத்தனை புஷல். அவ்வளவுதான். இப்போது அந்த நிலத்தில் சோளம் நிற்கிறதா, சோயா நிற்கிறதா என்ற தகவல் அந்தக் கட்டத்தில் கிடையாது. நடவு விவரத்தை ஆண்டுதோறும் தனிப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் மானியத் தொகையைத் தீர்மானிப்பது அந்தக் கட்டத்தில் உள்ள இரண்டு எண்கள்தான்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1980களின் பண்ணைச் சட்டங்கள், முந்தைய சில ஆண்டுகளில் எந்தப் பயிர் சராசரியாக எத்தனை ஏக்கரில் நின்றது என்று பார்த்து அதை அடித்தளமாகப் பதிந்தன. 2002 சட்டத்தில், விரும்பினால் 1998 முதல் 2001 வரையிலான நடவைக் காட்டி மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். 2014இல், 2009 முதல் 2012 வரையிலான நடவுப்படி ஏற்கெனவே இருக்கும் ஏக்கர்களைப் பயிர்களுக்குள் மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். அதனால் நாடு முழுக்கக் கோதுமை பேஸ் சுமார் 6.3 கோடி ஏக்கர் இருக்கிறது. கோதுமை உண்மையில் விதைக்கப்படும் பரப்போ சில வருஷங்களாகவே 4.5 கோடிக்கும் 5 கோடிக்கும் இடையில்தான். மீதி நிலத்தில் இன்று வேறு பயிர் நின்றாலும் காகிதத்தில் அது கோதுமை நிலம்தான், கோதுமை விலை விழுந்தால் அதற்கும் பணம் வரும். மறுபக்கம், பேஸ் இல்லாத நிலத்தை வாங்கி நல்ல கோதுமை விளைவிக்கும் ஒருவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. இது முறைகேடு இல்லை, சட்டமே இப்படித்தான். பணத்துக்காக யாரும் கூடுதலாகக் கோதுமை விதைத்து விலையை இன்னும் கெடுத்துவிடக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதிதாக விவசாயத்துக்கு வருபவரை இது வெளியே நிறுத்துகிறது என்பதும் உண்மை. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் உறுத்துவது இதுதான்.

காகித ஏக்கர் என்ற யோசனை நேற்று வந்ததில்லை. 1930களின் பெருமந்தத்தில் கோதுமை விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, 1933இல் முதல் வேளாண் சீரமைப்புச் சட்டம் வந்தது. குறைவாக விதைத்தால் பணம் என்பது அதன் வழி. 1936இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1938இல் வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் இத்தனை ஏக்கர்தான் கோதுமை என்று ஒதுக்கீடு செய்தார்கள். ஒஹாயோ மாநிலத்து விவசாயி ராஸ்கோ ஃபில்பர்னுக்கு 11.1 ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள், அவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்குப் புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். தன் பண்ணைக் கோழிக்கும் மாட்டுக்கும் குடும்பத்துக்கும் வைத்துக்கொள்வதற்கு அரசு எப்படித் தடை போடலாம் என்று வழக்குப் போட்டார். 1942இல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கு பாடம். ஒரு நிலத்துக்கு அரசு ஏட்டில் இத்தனை ஏக்கர் கோதுமை என்று எழுதி வைக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. விதைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பிற்காலத்தில் போய்விட்டது, ஏட்டில் எழுதும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அரசு வாங்கிக் குவித்த உபரிக் கோதுமைதான் 1954இன் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

சரி, பட்டியலில் வருஷத்துக்கு வருஷம் தொகை ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 1995இலிருந்து ஒரே திட்டம் ஓடவில்லை. 1996 சட்டம் விலையோடு சம்பந்தம் இல்லாத ஒரு நிலையான தொகையைக் கொண்டுவந்தது, ஆண்டுக்கு ஆண்டு அது குறைய வேண்டும் என்பது ஏற்பாடு. 1998இல் விலை சரிந்ததும் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடுதல் பணம் ஒதுக்கியது, அது 2001 வரை தொடர்ந்தது. 2002 முதல் 2013 வரை நேரடிப் பணம் என்று ஒன்று இருந்தது: கோதுமைக்குப் புஷலுக்கு 52 சென்ட். விலை ஏறினாலும் வரும், இறங்கினாலும் வரும். 2012ஆம் ஆண்டுக் கோதுமைக்குச் சந்தையிலேயே சராசரியாக 7.77 டாலர் கிடைத்தது, அந்த வருஷமும் இந்த 52 சென்ட் கணக்கு ஓடியது. நல்ல விலை கிடைக்கும்போது எதற்கு மானியம் என்ற கோபம் நாடு முழுக்க வந்து, 2014 சட்டத்தில் அதை நிறுத்தினார்கள். உங்கள் பட்டியலில் 2002க்கும் 2013க்கும் நடுவில் ஒரே மாதிரித் தொகை வரிசையாக வருவது இதனால்தான்.

2014க்குப் பிறகு விவசாயி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று விலை இழப்புக் காப்பு, பி.எல்.சி. என்பார்கள். மற்றது வருமானக் காப்பு, ஏ.ஆர்.சி. கோதுமைக்காரர்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் பி.எல்.சி. பக்கம் போனார்கள், அதனால் அதையே விளக்குகிறேன். ஒரு அடிப்படை விலையைச் சட்டமே சொல்லிவிடும். கோதுமைக்கு 2014 முதல் 2024 பயிர் வரை அது புஷலுக்கு 5.50 டாலர். ஒரு புஷல் கோதுமை என்பது சுமார் 27 கிலோ. ஜூன் முதல் அடுத்த மே வரை ஓடும் சந்தை ஆண்டில் நாடு முழுக்க விவசாயிகளுக்குக் கிடைத்த சராசரி விலை அதைவிடக் குறைந்தால், குறைந்த தொகையை அரசு தரும். விவசாயி தன் கோதுமையை எவ்வளவுக்கு விற்றார் என்பது கணக்கில் வராது. எல்லாருக்கும் ஒரே தேசியச் சராசரிதான்.

எண்ணோடு பார்த்தால் எளிது. ஒருவரிடம் 1000 ஏக்கர் கோதுமை பேஸ், ஏட்டில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 38 புஷல் என்று வைத்துக்கொள்வோம். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், ஆக 850 ஏக்கர், 32,300 புஷல். 2016ஆம் ஆண்டுப் பயிருக்குச் சராசரி விலை 3.89 டாலர், குறைவு 1.61 டாலர். அவருக்குக் கணக்கில் வருவது சுமார் 52,000 டாலர். 2019 பயிருக்கு விலை 4.58, குறைவு 92 சென்ட், தொகை சுமார் 29,700 டாலர். 2021இல் சராசரி 7.63, 2022இல் 8.83. இரண்டு வருஷமும் சைபர். (நான் சொன்ன தொகைகளில் பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சில சதவீதம் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள்.) உக்ரைன் போரை ஒட்டி உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது நினைவிருக்கும். ஒரு கான்சஸ் கவுண்டியின் மானியப் பட்டியல் வெறுமையாவதற்குக் கருங்கடலில் நடந்தது ஒரு பெரிய காரணம். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். சந்தை ஆண்டு முடிந்து சராசரி தெரிந்த பிறகு, அடுத்த அக்டோபரில்தான் பணம் வரும். 2019 ஜூனில் அறுத்த பயிருக்கான தொகை 2020 அக்டோபரில் வந்தது. பட்டியலில் உள்ள ஆண்டு பயிர் ஆண்டா, பணம் கொடுத்த ஆண்டா என்று பார்க்காமல் விலையோடு ஒப்பிட்டால் எல்லாம் ஒரு வருஷம் தள்ளித் தெரியும், தலைகால் புரியாது.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. பி.எல்.சி. விலையை மட்டும் பார்க்கிறது, வயலைப் பார்ப்பதில்லை. 2023இல் கான்சஸில் வறட்சி அப்படி அடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காணாத குறைந்த அறுவடை, மாநிலம் முழுக்கவே சுமார் 20 கோடி புஷல்தான். எத்தனையோ பேர் அறுக்கவே இல்லை. ஆனால் தேசியச் சராசரி விலை 6.96 டாலர் என்பதால் பி.எல்.சி. கணக்கில் ஒன்றும் இல்லை. கவுண்டி விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கும் ஏ.ஆர்.சி.யை எடுத்திருந்தவர்களுக்குச் சில இடங்களில் பணம் வந்தது. மற்றபடி, அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அது விவசாயிகளுக்கு நல்ல வருஷம் என்று நினைத்துவிடுவார். அவர்கள் வாழ்வில் மிக மோசமான வருஷங்களில் ஒன்று அது.

அடுத்தது பெயர்களும் முகவரிகளும். கான்சஸ் பகுதியில் நிலத்தைக் கால் செக்ஷன் கணக்கில்தான் பேசுவார்கள், அதாவது 160 ஏக்கர். "எங்களுக்கு ரோட்டுக்கு வடக்கே இரண்டு குவார்ட்டர்" என்பார்கள். உழுபவர் ஒருவர், நிலம் பலருடையது என்பதுதான் சகஜம். வாரத்துக்கு விட்டால் பழைய வழக்கப்படி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்கு, இரண்டு பங்கு உழுபவருக்கு, செலவிலும் ஒரு பகுதி நிலக்காரருடையது. மானியமும் அதே விகிதத்தில் பிரியும், ஏனென்றால் பயிர் போனால் நிலக்காரருக்கும் நஷ்டம். பணக் குத்தகைக்கு விட்டால் மானியம் முழுவதும் உழுபவருக்கு, நிலக்காரர் பங்கு கேட்கச் சட்டத்தில் இடம் இல்லை.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா இறந்த பிறகு ஒரு குவார்ட்டர் நாலு பிள்ளைகளுக்கு வருகிறது. யாரும் ஊரில் இல்லை, ஒருவர் டெக்சஸில், ஒருவர் சிகாகோவில். பக்கத்து நிலத்துக்காரர் வாரத்துக்கு உழுகிறார். அதில் கோதுமை பேஸ் 120 ஏக்கர் என்றால், 2019 பயிருக்கு நான் மேலே சொன்ன கணக்குப்படி வருவது சுமார் 3,566 டாலர். மூன்றில் ஒரு பங்கு 1,189. அதை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 297 டாலர். நீங்கள் பார்த்த "சிகாகோ முகவரி, முந்நூறு டாலர்" இப்படித்தான் வருகிறது. அவர் கோதுமை விளைவிக்கிறாரா என்றால் இல்லை. திருடினாரா என்றால் அதுவும் இல்லை. பட்டியலின் அடியில் இருக்கும் சின்னத் தொகைகள் எல்லாம் ஏழை விவசாயிகளுடையவை என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. அவற்றில் கணிசமானவை பங்குதாரர்களாகிப்போன வாரிசுகளுடையவை.

மேலே இருக்கும் பெரிய பெயர்களில் பல தனி மனிதர்களே இல்லை. கூட்டுப் பண்ணைகள், டிரஸ்டுகள், குடும்பக் கம்பெனிகள். ஒரு நபருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்தான் என்று 2014 முதல் உச்சவரம்பு இருந்தது. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் தகுதி இல்லை என்றும் உண்டு. ஆனால் பொதுக் கூட்டாண்மையாகப் பதிந்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி வரம்பு. அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள் என்று நாலு பேர் பங்காளிகள் என்றால் வரம்பு 5 லட்சம் ஆகிறது. ஒவ்வொருவரும் பண்ணையில் உழைப்போ நிர்வாகமோ செலுத்த வேண்டும் என்பது விதி. நிர்வாகம் என்பதை எதை வைத்து அளப்பது என்பதில்தான் சிக்கல். அந்த விதி மிகத் தளர்வாக இருக்கிறது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறது. 2018 சட்டம் உறவினர் வட்டத்தைச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் வரை விரித்தது. நீங்கள் கேட்ட ஊழல் என்ற சொல் எங்காவது கிட்ட வருகிறது என்றால் இங்கேதான். ஆனாலும் ஒரு பட்டியலில் கூட்டாண்மையின் பெயரும் பெரிய தொகையும் இருப்பதை மட்டும் வைத்து முறைகேடு என்று சொல்ல முடியாது. நாலு பேரும் டிராக்டர் ஓட்டும் குடும்பங்கள் நிறைய உண்டு, நானே அவர்கள் கணக்கைப் பார்த்திருக்கிறேன். கோதுமையைப் பொறுத்தவரை வரம்பு அவ்வளவாகக் கடிப்பதும் இல்லை. மேலே சொன்ன 2016 கணக்கில் ஏக்கருக்கு 52 டாலர், ஒரு நபர் வரம்பைத் தொட 2400 ஏக்கர் பேஸ் வேண்டும். 2019 என்றால் 4000 ஏக்கருக்கு மேல்.

முதல் பத்து சதவீதத்தினர் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்று எங்கும் எழுதுகிறார்கள். அது சரியான தகவல். பேஸ் ஏக்கருக்குப் பணம் என்றால் ஏக்கர் அதிகம் உள்ளவருக்கு அதிகம் போகும், வேறு எப்படியும் நடக்காது. ஆனால் அந்த விகிதத்தைப் படிக்கும்போது கீழே இருக்கும் தொண்ணூறு பேரில் அந்த முந்நூறு டாலர் வாரிசுகளும் எண்ணப்படுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. முழுநேர விவசாயிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு அப்போதும் இருக்கும், இந்த அளவுக்குத் தெரியாது.

இனி, பட்டியலில் இல்லாததைச் சொல்ல வேண்டும். கோதுமைக் கவுண்டிகளில் அரசுப் பணத்தின் மிகப் பெரிய வழிகளில் ஒன்று இப்போது பயிர்க் காப்பீடு. காப்பீட்டை விற்பது தனியார் கம்பெனிகள், பிரீமியத்தில் சராசரியாக 62 சதவீதத்தை அரசு கட்டுகிறது. பண்ணையில் உள்ள ஒரு பயிர் முழுவதையும் ஒரே அலகாகச் சேர்த்து 70 சதவீதக் காப்பு எடுத்தால் பிரீமியத்தில் 80 சதவீதமே அரசுடையது. குளிர்காலக் கோதுமைக்கு செப்டம்பர் 30க்குள் முடிவு செய்ய வேண்டும், அந்த மாதக் கடைசியில் ஏஜென்ட்டுகளின் போன் ஓயாது. 2023 வறட்சியில் கான்சஸ் விவசாயிகளைத் தாங்கியது இதுதான். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வயலுக்கு வருவார், வரிசையில் ஒரு அடி நீளம் அளந்து அதில் எத்தனை தூர் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவார், வேறு இடம் போய் மறுபடியும் எண்ணுவார். கணுக்கால் உயரத்திலேயே கதிர் தள்ளிவிட்ட பயிரை அப்படி எண்ணிக்கொண்டிருப்பதை விவசாயி பக்கத்தில் நின்று பார்ப்பார். அறுக்கும் கூலிக்குக் கூடத் தேறாது என்று தெரிந்தால் அழிக்க அனுமதி கிடைக்கும், இழப்பீடு வரும்.

அந்தக் காப்பீட்டு உதவிக்கு ஆள் கணக்கில் உச்சவரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. 10,000 ஏக்கர் விதைத்தால் 10,000 ஏக்கருக்கும் பிரீமிய உதவி. யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வெளியிடுவதும் கிடையாது, கவுண்டிவாரியாக, பயிர்வாரியாக மொத்தத் தொகைதான் கிடைக்கும். உண்மையில் விதைத்தவருக்கு, விதைத்த ஏக்கருக்குப் போகும் பணம் இது. ஆக, பெயரோடு தெரிவது நிலத்தின் பழைய வரலாற்றுக்கான பணம், பெயர் இல்லாமல் போவது இன்றைய பயிருக்கான பணம். ஒரு கவுண்டியில் அரசு ஆதரவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று அறிய விரும்பும் யாருக்கும் பாதிப் படம்தான் கிடைக்கிறது. அதே விதியை இதற்கும் வைத்து, பெயரோடு வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடையில் வந்து போன சில தொகைகளும் பட்டியலில் கலந்திருக்கலாம். சீனாவுடன் வர்த்தகச் சண்டை நடந்தபோது 2018இல் கோதுமைக்குப் புஷலுக்கு 14 சென்ட் கொடுத்தார்கள் (சோயாவுக்கு 1.65 டாலர்). 2019இல் பயிர் எதுவானாலும் கவுண்டிக்கு ஒரு விகிதம் என்று ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை வந்தது. இவை உண்மையான விளைச்சலுக்கும் நடவுக்கும் கொடுத்தவை, பேஸோடு தொடர்பில்லாதவை. 1985இல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டம் வேறு இருக்கிறது: அரித்துப்போகும் நிலத்தில் பயிரிடாமல் 10 அல்லது 15 ஆண்டு புல் வளர்த்தால் அரசு வாடகை தரும். மேற்குக் கான்சஸில் அது பெரிய தொகை. பலர் அதையும் கோதுமை மானியத்தோடு கூட்டிவிடுகிறார்கள், அது சரியல்ல.

இதுவரை சொன்ன விதிகளும் எண்களும் உறுதியானவை. விவாதத்துக்கு இடமுள்ளது என்னவென்றால், காசோலை வாங்குபவரிடமே அந்தப் பணம் தங்குகிறதா என்பது. பேஸ் உள்ள நிலம் என்றால் நிலக்காரர் குத்தகையைக் கூட்டிக் கேட்பார், உழுபவரும் மானியத்தை நம்பிக் கொடுப்பார். பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி முழுத் தொகையும் நிலக்காரரிடம் போய்ச் சேர வேண்டும். பாரெட் கெர்வன் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு டாலர் மானியத்தில் சுமார் 25 சென்ட்தான் குத்தகை உயர்வாகப் போகிறது என்று கண்டார். அதைவிட அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எந்தத் திட்டம், எந்தப் பகுதி, குத்தகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பேசப்படுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. என் அனுபவத்தில், சொந்தக்காரரிடமோ பழகிய அக்கம்பக்கத்தாரிடமோ எடுத்த குத்தகை மெதுவாகத்தான் ஏறும், ஏலத்தில் எடுத்த குத்தகையில் மானியம் முழுவதும் கரைந்துவிடும். ஆனால் இது நான் பார்த்த பண்ணைகளின் கதை, இதை நாட்டுக்கே பொருத்த முடியாது. மானியம்தான் பெரிய பண்ணைகள் சிறியவற்றை விழுங்கக் காரணம் என்று சொல்வதும் அதே வகை. பெரிய இயந்திரங்களும் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதும் அதைச் செய்திருக்கும்தான். மானியம் அதை எவ்வளவு வேகப்படுத்தியது என்பதைப் பிரித்தெடுப்பது கடினம்.

நம் ஊரில் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே அரசு அந்த விலைக்கு நெல்லையும் கோதுமையையும் கொள்முதல் செய்கிறது, மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டவருக்குத்தான் பணம். அங்கே இப்போது அரசு கோதுமையை வாங்குவதில்லை. விவசாயி சந்தையில் விற்றுக்கொள்கிறார், விலை குறைந்தால் வித்தியாசம் தனியாக வருகிறது. அதனால் அந்தப் பட்டியலை வைத்து யார் எவ்வளவு கோதுமை விற்றார் என்று ஊகிக்கவே முடியாது.

நீங்கள் அந்தக் கவுண்டியைத் தொடர்ந்து கவனிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் கோதுமையின் அடிப்படை விலையை 5.50இலிருந்து 6.35 டாலராகவும், ஒரு நபரின் வரம்பை 1,55,000 டாலராகவும் உயர்த்தியது. 2025 பயிருக்கு மட்டும் பி.எல்.சி., ஏ.ஆர்.சி. இரண்டில் எது அதிகமோ அது தானாகவே வரும், அந்தத் தொகை கிடைப்பது 2026 அக்டோபரில். நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2019 முதல் 2023 வரை உண்மையில் நடவு செய்ததைவிடப் பேஸ் குறைவாக இருக்கும் பண்ணைகளுக்கு அது போகும். ஆகவே அடுத்த பட்டியலில் தொகைகள் பெரிதாகத் தெரிந்தால், அந்த ஊரில் கோதுமை அதிகம் விளைந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சந்தை ஆண்டின் சராசரி விலை 6.35க்கு எவ்வளவு கீழே நின்றது என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் அந்தக் கவுண்டியின் கோதுமை பேஸ் எத்தனை ஏக்கர், உண்மையில் விதைத்தது எத்தனை ஏக்கர் என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் கவுண்டிகளில்தான், கோதுமையே விதைக்காதவர்களுக்குக் கோதுமைப் பணம் அதிகம் போகிறது.